அப்பாவின் பெயருக்கு முன்னால் ஒரு பியூ

எனக்கு ஒரு இடத்தில் நிற்கவும் தெரியாது, உட்காரவும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நான் இருந்த பெஞ்சு எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும் என்று பக்கத்தில் உட்காரவே பிள்ளைகள் யோசிப்பார்கள். சினிமாக் கொட்டகையில் படம் முடியும் முன்பே எழுந்து செருப்பைத் தேடுவேன். ‘கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டுப் பொறந்திருக்குது’ என்பாள் அம்மா. இந்தக் குணத்தால், ரேஷன் கார்டு ஆபீஸ் வரிசையில் இன்னும் ஒரு கால் மணி நேரம் நிற்க மாட்டாமல், உயிரோடு இருந்த என் அப்பாவை ஒருமுறை காகிதத்தில் சாகடித்துவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. புதுச்சேரியில் சாரம் என்ற பகுதியில், ஒரு ஒற்றை அறை வாடகை வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம். அம்மா வீட்டிலேயே மிஷின் போட்டு உள்பாவாடை தைத்துக் கடைகளுக்குக் கொடுத்து வந்தாள். அப்பா பம்பாயில் இருந்தார். இங்கே மில் வேலை போனதும் கிளம்பிப் போனவர், அங்கே ஒரு துணி மில்லில் மேஸ்திரியாக இருக்கிறார் என்று அம்மா தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். என்னிடமும் அதைத்தான் சொல்லியிருந்தாள். நான்கு வருஷமாக ஆளும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. கேட்டால், ‘அவரு இன்னா கடுதாசி எழுதுற ஆளா?’ என்பாள். அதுவும் உண்மைதான். அப்பா எழுதி நான் பார்த்ததெல்லாம் என் ரிப்போர்ட் கார்டில் போட்ட கையெழுத்து மட்டும்தான்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் தேறி, எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். காத்திருப்பது எனக்கு எப்படி வரும் என்று சொல்லவா வேண்டும்? தபால்காரர் தெரு முனையில் திரும்பும்போதே எதிரே போய் நிற்பேன். அவரே ஒரு நாள், ‘இரும்மா, வந்தா நானே கூவி குடுக்கறேன். இப்படி வழி மறிச்சா நான் எங்க போவேன்?’ என்றார். அப்படிக் கூவிக்கொண்டு ஒரு நாள் கொடுத்தும் விட்டார். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட் வேலைக்கு இண்டர்வியூ. மூன்று வாரம் அவகாசம். கொண்டு வர வேண்டியவற்றில் ஒன்று, நான் புதுச்சேரியில் குடியிருப்பவள் என்பதற்குத் தாலுகா ஆபீஸ் சான்றிதழ். அதை வாங்க ரேஷன் கார்டு வேண்டும்.

“கார்டை எடும்மா” என்றேன்.

“காணோம்” என்றாள் அம்மா, மிஷினை நிறுத்தாமல்.

காணோம் என்றால் எப்போதிலிருந்து என்று கேட்டேன். பார்த்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும் என்றாள். அப்படியானால் சர்க்கரை, மண்ணெண்ணெய்? கடையில் சரக்கு வரவில்லை என்று இத்தனை நாள் சொன்னாயே? மிஷின் ஓடியது. நான் வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். டிரங்குப் பெட்டி, மிஷின் டிராயர், சாமிப் படங்களுக்குப் பின்னால், அரிசிப் பானை, தலையணை உறை. கார்டு எப்போதும் பூட்டி வைத்த டிரங்குப் பெட்டியில்தான் இருக்கும். பூட்டும் சரியாக இருந்தது, சாவியும் அம்மாவின் இடுப்பில் இருந்தது. அம்மா ஒரு துரும்பைக்கூட நகர்த்தித் தேடவில்லை. அதுதான் எனக்கு எரிச்சலாக வந்தது. என் வேலையைப் பற்றி இவளுக்கு ஒரு கவலையும் இல்லை என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

“வேற கார்டு வாங்கிக்கலாம்டி. குதிக்காத” என்றாள்.

வேறு கார்டு வாங்க முதலில் போலீசில் எழுதிக் கொடுத்துச் சான்று வாங்க வேண்டும். ஸ்டேஷனில் சிவப்புத் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு ஒரு ஏட்டு விசிறிக்கொண்டிருந்தார்.

“தொலைஞ்சி போச்சா, திருடு போச்சா?” என்றார்.

“தொலைஞ்சி போச்சுங்க” என்றாள் அம்மா.

“திருடுதான் சார்” என்றேன் நான். “பூட்டின பெட்டியில இருந்த கார்டு எப்படி சார் தானா தொலையும்?”

ஏட்டு விசிறுவதை நிறுத்தினார். திருட்டு என்றால் யார்மேல் சந்தேகம் என்று எழுத வேண்டும், தான் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும், அக்கம்பக்கத்தில் விசாரிக்க வேண்டும் என்று விரல் மடக்கினார். அம்மா என் முழங்கைக்கு மேலே நகம் பதிகிற மாதிரி கிள்ளினாள்.

“அது சின்னப் பொண்ணுங்க. தொலைஞ்சதுதாங்க. கடைக்குப் போவும்போது வுட்டுட்டேன்” என்றாள்.

இத்தனை துல்லியமாக ஒரு பொய்யை அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. வெளியே வந்து சண்டை போட்டேன். ‘தேடியும் கிடைக்கவில்லை’ என்று அவர்கள் ஒரு காகிதம் தருவதற்கு ஆறு நாள் ஆனது. அவர்கள் எங்கே தேடினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்தது கார்டு ஆபீஸ். அங்கே கவுண்டரில் பிரெஞ்சுக்காரன் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்த ஒரு பெரியவர் இருந்தார். ஓய்வு பெற இரண்டோ மூன்றோ வருஷம் இருந்திருக்கும். ஊர் இந்தியாவோடு சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் அவர் கை மட்டும் பிரெஞ்சிலேயே நின்றுவிட்டது. தமிழில் கேட்பார், பிரெஞ்சில் குறித்துக்கொள்வார். உள்ளே இருக்கிற இளம் குமாஸ்தா அந்தக் குறிப்பைப் பார்த்துத் தமிழிலும் இங்கிலீஷிலும் கார்டு எழுதுவார். பெரியவர் எதைச் சொல்லத் தொடங்கினாலும் முதலில் ‘பொன்’ என்பார். பிரெஞ்சில் ‘சரி’ என்று அதற்கு அர்த்தம். கிராமத்திலிருந்து புதிதாக வரும் பெண்கள், நகையைப் பற்றி ஏதோ கேட்கிறார் என்று கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வதை நானே பார்த்திருக்கிறேன். இன்னொரு பழக்கம், அவர் எழுதும்போது நிமிர்ந்து ஆளைப் பார்க்க மாட்டார்.

அன்றைக்கு வரிசை வாசல் தாண்டி மரத்தடிவரை நின்றது. ஒன்றரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எங்களுக்கு முன்னால் நாலு பேர் இருக்கும்போது, மனுவில் ஒட்ட ஸ்டாம்பு ஒன்று குறைகிறது என்று தெரிந்தது. கவுண்டரிலேயே கேட்டிருக்கலாம், பின்னால் நின்றவரிடம் கேட்டிருக்கலாம். எனக்கு வெளியே ஓட ஒரு சாக்கு வேண்டியிருந்தது. “நான் போய் வாங்கிட்டு வர்றேன்” என்று கிளம்பிவிட்டேன். ஸ்டாம்பு வாங்கினேன், ஒரு சோடா குடித்தேன், எதிர்க்கடையில் தொங்கிய வளையல்களைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது அம்மா எல்லாம் முடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தாள்.

“இன்னா கேட்டாரு?”

“கார்டு யார் பேருக்குன்னு கேட்டாரு. எம் பேருக்குன்னேன். வூட்டுக்காரரு பேரு கேட்டாரு. நான் எப்படிச் சொல்றது? பழைய பேப்பர்ல இருக்குது பாருங்கன்னு காட்டினேன். அவரு வரலியான்னாரு. அவரு இல்லீங்கன்னேன். எழுதிக்கிட்டாரு. ஸ்டாம்பு அப்பால குடுன்னாரு.”

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்ல மாட்டாள். அவள் வயதுப் பெண்கள் யாரும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். நான் பக்கத்தில் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன், பம்பாயில் இருக்கிறார் என்றும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். நான் வளையல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாள் நடையாக நடந்தேன். இன்று வா, நாளை வா, இங்க் தீர்ந்துவிட்டது, சீல் வைக்கிறவர் லீவு. ராத்திரியில் படுத்தால் கால் துடித்தது. மூன்று வாரத்தில் இன்னும் நாலு நாள்தான் பாக்கி என்கிறபோது கார்டு கைக்கு வந்தது. வெளியே மரத்தடியிலேயே பிரித்துப் பார்த்தேன். அம்மா பெயர் சரி. என் பெயர், வயது சரி. கணவர் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயருக்கு முன்னால் ‘பியூ’ என்று இருந்தது. இங்கிலீஷ் வரியில் எஃப், ஈ, யு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, “அப்பாவுக்கு பியூன் உத்தியோகம் குடுத்திருக்காங்கம்மா. கடைசி எழுத்து மட்டும் பாக்கி. அது வந்ததும் டியூட்டிக்குப் போயிடலாம்” என்றேன். அம்மாவும் சிரித்தாள். இரண்டு மூன்று மாதத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எழுத்துப் பிழைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று முடிவு செய்தோம்.

எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு பென்ஷனோடு வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சாயந்திரம் அவரிடம் கார்டைக் காட்டி அதே பியூன் ஜோக்கைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இங்கிலீஷ் வரியை இரண்டு முறை படித்தார்.

“இது பியூ இல்லம்மா. ஃபெ. பிரெஞ்சு. ஃபென்னா நெருப்பு” என்றார்.

“அப்பா பேருக்கு முன்னாடி எதுக்கு நெருப்பு?”

அவர் தொண்டையைச் செருமினார். “பேருக்கு முன்னாடி போட்டா, காலமாயிட்டவர்னு அர்த்தம். உங்கப்பாவுக்கு ஏதாச்சும்… பம்பாயில இருந்து தந்தி கிந்தி வந்துச்சா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘அவரு இல்லீங்க.’ வீட்டில் ஆள் இல்லை என்றாலும் இல்லைதான், உலகத்திலேயே இல்லை என்றாலும் இல்லைதான். நிமிர்ந்து பார்க்காத அந்தப் பெரியவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் ஒரு பிரெஞ்சு வார்த்தையைப் போட்டுவிட்டார். பிரெஞ்சு தெரியாத இளம் குமாஸ்தா அதையும் பெயரின் பகுதி என்று நினைத்துக் கார்டில் ஏற்றிவிட்டார்.

சொல்தாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். “ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத. விதவை மகள்னா வேலையில முன்னுரிமை உண்டும்பாங்க. உங்கம்மாவுக்கும் மாசாமாசம் ஏதாச்சும் உதவி கிடைக்கும். வந்த லட்சுமிய ஏன் விரட்டுற? நான் பாரு, வருஷா வருஷம் உசுரோட இருக்கேன்னு நிரூபிக்கப் போய் நிக்கிறேன். அந்த அலைச்சல் உனக்கு எதுக்கு?” என்றார்.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. உள்ளதைச் சொல்கிறேன், வெட்கமாகக்கூட இல்லை. அப்பா பம்பாயில் நன்றாக இருக்கிறார். இங்கே ஒரு காகிதத்தில் இல்லாமல் போவதால் அவருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? நாலு வருஷம் ஒரு கடுதாசி போடாத மனுஷனுக்கு இது கொஞ்சம் வேண்டியதுதான் என்றும் தோன்றியது. குதித்துக்கொண்டே போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா மிஷினிலிருந்து கையை எடுத்தாள். கார்டை வாங்கி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த மூன்று இங்கிலீஷ் எழுத்துகளை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். சாப்பிடவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள். “வா, ஆபீசுக்கு” என்றாள்.

வழி நெடுக நான் பேசிக்கொண்டே போனேன். இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது, இப்போது திருத்தப் போனால் மறுபடி பத்து நாள், என் இண்டர்வியூ போய்விடும் என்றேன். கெஞ்சினேன், கோபித்தேன், நடுரோட்டில் நின்றேன். அவள் நிற்காமல் போனதால் பின்னாலேயே ஓடினேன்.

“இல்லைன்னே இருக்கட்டுமேம்மா. நமக்கு நல்லதுதானே. அவருக்கு இன்னா நஷ்டம்?”

அம்மா திரும்பினாள். “எந் நெத்தியப் பாருடி” என்றாள். “இந்தப் பொட்ட அழிச்சிட்டு இதக் கேளு. அப்புறம் பேசு.”

அதற்கு மேல் அவளை மனசுக்குள்ளேயே திட்டிக்கொண்டுதான் வந்தேன். பட்டிக்காட்டுப் பிடிவாதம் என்று திட்டினேன்.

அன்றும் அதே வரிசைதான். எங்கள் முறை வந்ததும் அம்மா கார்டைக் கவுண்டரில் வைத்தாள்.

“பொன். இன்னாம்மா?” என்றார் பெரியவர், குனிந்தபடியே.

“அவரு சாவலீங்க. செத்தவருன்னு எழுதியிருக்கீங்களாம்.”

பெரியவர் அன்றைக்குத்தான் நிமிர்ந்தார். அம்மாவின் பொட்டைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “நீதானம்மா இல்லைன்னு சொன்ன?”

“வூட்ல இல்லைன்னு சொன்னங்க.”

“அப்ப எங்க இருக்காரு?”

பம்பாய் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

“மூலக்குளத்துல.”

தவறாகக் கேட்டுவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மூலக்குளம் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம்கூட இல்லை.

“மூலக்குளத்துல எங்க?” பெரியவர் பேனாவை எடுத்தார். விலாசம் எழுத வேண்டும் போல.

“வில்லியனூர் ரோட்டுல போனா நெல்லு மிஷின் வருதுங்களே, அதுக்கு எதிர் சந்து. ரெண்டாவது ஓட்டு வூடு. வாசல்ல முருங்கமரம் இருக்கும்.”

“அங்க யாரோட இருக்காரு?”

பின்னால் வரிசையில் நாற்பது ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். எங்கள் தெருப் பெண்கள் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். அம்மா கவுண்டர் மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“வேற ஒரு பொம்பளையோட. எங்கள வுட்டுட்டுப் போயிட்டாரு. நாலு வருஷம் ஆவுது.”

“பழைய கார்டு நெசமாவே தொலைஞ்சிடுச்சா?”

“அவருகிட்டதாங்க இருக்குது. நான்தான் எடுத்துக் குடுத்தேன். அங்க சின்னப் புள்ள இருக்குது, கார்டு இல்லாம மண்ணெண்ண குடுக்க மாட்றாங்கன்னு வந்து நின்னாரு. ஒரு மாசத்துல கொண்டாந்து தர்றேன்னாரு. தரலீங்க.”

“போலீசுல தொலைஞ்சிடுச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கியே?”

“எங்களுக்குத் தொலைஞ்சதுதானுங்களே.”

என் கால் ஆடாமல் நின்றுகொண்டிருந்தது. அதை நான் கவனித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் டைப்ரைட்டிங் கிளாசில் இருந்த ஏதோ ஒரு மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் வருவதற்குள் கிளம்பியும் இருக்கிறார். டிரங்குப் பெட்டியை அம்மாவே திறந்திருக்கிறாள்.

பெரியவர் நல்லவர். திட்டவில்லை, வெளியே போ என்று சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அப்பா சொல்வதுபோல் அவரே தமிழில் நாலு வரி எழுதினார். நான் உயிரோடு இருக்கிறேன், குடும்பத்தைப் பிரிந்து தனியாக வாழ்கிறேன், என் பெயரை நீக்கி மனைவி பெயரில் கார்டு தருவதில் ஆட்சேபம் இல்லை என்று. “இதுல அவரு கையெழுத்து வேணும். பழைய கார்டையும் ஒப்படைக்கணும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ரெண்டையும் கொண்டாந்தா நானே திருத்தி சீல் போட்டுத் தர்றேன். உள்ளாற குடுத்தா பத்து நாள் ஆயிடும்” என்றார்.

வீட்டுக்கு வருகிற வழியில் அழுதேன் என்று சொல்ல ஆசை. அழவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அப்பாமேல் வந்ததைவிட அம்மாமேல்தான் வந்தது. நாலு வருஷம் என்னைப் பம்பாய் ரயிலில் ஏற்றி வைத்திருந்தாளே என்று வந்தது.

“நான் அங்க வர மாட்டேன். நீ போய்ட்டு வா” என்றாள் அம்மா, அடுத்த நாள் காலையில்.

வாடகை சைக்கிள் எடுத்தேன். வேகமாக மிதித்தேன், பிறகு வேண்டுமென்றே மெதுவாக மிதித்தேன். எந்த வேகமும் சரியாக இல்லை. நெல் மிஷினுக்கு எதிர் சந்து, இரண்டாவது ஓட்டு வீடு, முருங்கை மரம். அம்மா சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஒரு முறையாவது அவள் இங்கே வந்து தூரத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

வாசலில் ஒரு சின்னப் பெண் குழந்தையை நிற்க வைத்து அப்பா தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். இரண்டு வயது இருக்கும். கையில் சொம்போடு அப்படியே நின்றுவிட்டார். தாடி நரைத்திருந்தது. அதைத் தவிர எதுவும் மாறவில்லை.

“வாம்மா” என்றார். நேற்றுத்தான் பார்த்தவர் மாதிரி.

நான் சைக்கிளிலிருந்து இறங்கினேனே தவிர ஸ்டாண்டு போடவில்லை. விஷயத்தைச் சொன்னேன். உள்ளேயிருந்து அந்த அம்மாள் வந்தாள். எனக்கு அவளை வெறுக்க வேண்டும் என்று இருந்தது. அவள் நான் கேட்பதற்கு முன்பே பரணிலிருந்து பழைய கார்டை எடுத்து, பிளாஸ்டிக் பையோடு துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கார்டைப் பிரித்துப் பார்த்தேன். மூன்று மாதமும் சர்க்கரை வாங்கியதாகக் குறித்திருந்தது. என் பெயருக்கான சர்க்கரையும் அதில் இருந்தது.

அப்பா தாளைக் கையில் வாங்கி மெதுவாகப் படித்தார். உதடு அசையப் படிப்பார், எப்போதும். படித்து முடித்துவிட்டுத் திருப்பி என்னிடமே நீட்டினார்.

“இதெல்லாம் எதுக்கும்மா? இல்லைன்னே இருக்கட்டும். உங்களுக்கும் நல்லதுதானே” என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. எகத்தாளமும் இல்லை. நமக்குள் ஒரு சௌகரியம் என்பது போலத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியாமல் போனது. ஏனென்றால் அது நான் சொன்னது. ஒரு நாள் முன்னால், நடுரோட்டில், அம்மாவைப் பார்த்து, வார்த்தைக்கு வார்த்தை நான் சொன்னது. இவருடைய பெண் என்பதற்கு எனக்கு வேறு எந்தச் சான்றிதழும் வேண்டியிருக்கவில்லை.

சைக்கிளை அப்படியே கீழே போட்டேன். கத்தத் தொடங்கினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. “அம்மா நேத்து அம்பது பேரு நடுவுல நின்னு நீங்க சாவலன்னு சொன்னாங்க. உங்களுக்காக மானத்த வுட்டுட்டு நின்னாங்க. நீங்க உசுரோட இருக்கேன்னு ஒரு கையெழுத்துப் போட மாட்டீங்களா?” என்பது மட்டும் நினைவிருக்கிறது. எதிர்வீட்டில் கதவு திறந்தது. நெல் மிஷினிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“கத்தாத, கத்தாத. குடு, போட்றேன்” என்றார் அப்பா, தெருவைப் பார்த்துக்கொண்டே. சைக்கிள் சீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். தாள் அவருடைய ஈரக் கையில் பட்டு ஒரு ஓரம் நனைந்துவிட்டது. என் வாயை அடைக்கத்தான் போட்டார், வேறு எதற்காகவும் இல்லை.

அந்த மத்தியானமே பெரியவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். சிவப்பு மையில் ‘பியூ’வை அடித்து, பக்கத்தில் ‘பிரிந்து வாழ்கிறார்’ என்று எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். அடுத்த நாள் தாலுகா ஆபீசில் சான்றிதழும் கிடைத்தது. இண்டர்வியூவுக்கும் போனேன். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேறு வேலை இரண்டு வருஷம் கழித்து வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது கார்டைத் திருத்தி வாங்கிய அன்று சாயந்திரத்தைப் பற்றி. கார்டோடு வீட்டுக்குள் நுழைந்தேன். அம்மா தைப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள். கார்டைக் கொடுத்தேன். அதைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

“கையெழுத்துப் போட்டாரா?”

“போட்டாரு.”

“ஒண்ணும் சொல்லலியா?”

உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாலு வருஷம் என்னிடம் பொய் சொன்னவளுக்கு இப்போது உண்மையைச் சொன்னால் என்ன என்று ஒரு கணம் வேகம் வந்தது.

“ஒண்ணும் சொல்லல. படிச்சாரு. உடனே போட்டுட்டாரு” என்றேன்.

“நான் சொன்னன்ல” என்றாள். அவள் எதையும் சொல்லியிருக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி. எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எதையும் செய்யாமல், தண்ணீர் வருகிற நேரமாக இல்லாவிட்டாலும், குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.